செடி வளர்த்த படகில் மீன் பிடித்தேன்

முரளி,

படகு மிதக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நேற்றுக் காலையில் நானும் உன் மல்லிகா சித்தியும் அந்தப் படகில் ஏறி ஏரியின் நடு வரைக்கும் போனோம், வலையை இழுத்தோம், மீனோடு கரைக்குத் திரும்பினோம். நீ இரண்டு நாளாகப் போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. நேற்று கையெல்லாம் மீன் செதில். இன்று எடுக்காததற்குக் காரணம் வேறு. நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ பாதியிலேயே, "சரிம்மா, சரிம்மா, சாமான் ஏத்த வண்டி எப்ப சொல்லட்டும்?" என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நானும் "சரிடா" என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது. திவ்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி, அவளும் இதில் சாட்சி.

உன் கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் ஓய்ந்த அந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? நீ கூடத்தில் உட்கார்ந்து போனில் எனக்குப் படம் காட்டினாய். பெங்களூரில் நீங்கள் இரண்டு பேரும் பிடித்திருந்த புது வீடு, அதில் எனக்கென்று ஒரு அறை. கட்டில் போட்டிருந்தாய். ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் சாமி படம் மாட்டுவதற்காக ஆணிகூட அடித்து வைத்திருந்தாய். அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, நான்தான் காட்டிக்கொள்ளவில்லை. நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். போன கோடையில் கேஃபே சமையலறையில் நான் மயங்கி விழுந்த செய்தி, நீ ஆபீஸில் இருக்கும்போது உனக்கு வந்தது. பஸ் மாறி மாறி ஓடி வந்து நீ ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தபோது நான் கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. அப்பா போன பிறகு உனக்கு நான் ஒருத்திதான், எனக்கு நீ ஒருத்தன்தான்.

ஆனாலும் அன்றைக்கு நான் சரி என்று சொல்லவில்லை. கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகைக் காட்டினேன். "இந்தக் கட்டைக்காகவாம்மா இங்க இருக்கப் போற?" என்று கேட்டாய். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பொங்கலுக்குள்ள இதுல போய் ஒரு மீனாவது புடிச்சுட்டேன்னா நான் இங்கயே இருப்பேன். இல்லேன்னா வீட்டைப் பூட்டி சாவியை உன் கையில குடுத்துட்டு வந்துடறேன், போ" என்றேன். நீ சிரித்தாய். திவ்யா, "அத்தை, நான் சாட்சிங்க" என்று கையைத் தூக்கினாள். பந்தயம் அப்படித்தான் வந்தது. யோசித்துப் பேசியதில்லை, ஆத்திரத்தில் பேசியது. ஆனால் பேசியது பேசியதுதான்.

திவ்யாவுக்கு இந்தப் படகின் பூர்வீகம் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் நான் அத்தனை வருஷம் சமைத்த கேஃபேயில், வாசல் தோட்டத்தில் அலங்காரத்துக்குக் கிடந்த படகு இது. எந்தக் காலத்திலோ பாண்டிச்சேரிப் பக்கத்துக் கடலில் ஓடியதாம். முதலாளி அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, உள்ளே மண் கொட்டி, குரோட்டன்ஸ் செடி வைத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் தினம் பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வருவேன். கடலில் ஓடியது இப்படிப் பூந்தொட்டியாகக் கிடக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சலாகவே இருக்கும். நான் விழுந்து எழுந்த அதே கோடையில் முதலாளி கேஃபேயை மூடினார். அந்த இடத்துக்கு வந்தவர்கள் யோகா ஹால் கட்டப் போவதாகச் சொல்லி, படகை விறகுக்கு வெட்ட ஆள் கூட்டிவந்தார்கள். கோடாலியோடு ஆள் நிற்பதைப் பார்த்ததும் எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "அது எனக்கு வேணும்" என்று கத்திவிட்டேன். வெட்ட வந்த ஆளே திகைத்துப் போனான்.

எதற்கு வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியாது. அன்று சாயந்திரம் மல்லிகா போன் செய்தபோதுதான் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அவள் ஊர் ஏரியை அவளுடைய மகளிர் குழு மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது என்பது உனக்குத் தெரியும். குஞ்சு விடுவதும் காவல் காப்பதும் பெண்கள். மீன் பிடிக்கிற நேரம் வந்தால் மட்டும், தெர்மாகோல் மிதவையும் வலையும் வைத்திருக்கிற வெளியூர் ஆட்கள் வந்து நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். "நம்ம கிட்ட ஒரு படகு இருந்தா அவனுங்கள யாரு கூப்புடப் போறா" என்று அவள் வழக்கம்போலப் புலம்பினாள். "இருக்குதுடி" என்றேன். அவள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

கொல்லைக்கு வந்த படகிலிருந்து மண்ணை வாரிக் கொட்டவே பல நாள் ஆயிற்று. அதற்குள் காபி ஸ்பூன் இருந்தது, ஒற்றைச் செருப்பு இருந்தது, ஒரு தவளைக் குடும்பமே இருந்தது. மண் பட்டிருந்த அடிப்பலகைகள் இற்றுப்போயிருந்தன, விரலால் குத்தினால் உதிர்ந்தன. மேலே வெயில் பட்ட பலகைகள் காய்ந்து, நடுவில் விரல் நுழைகிற சந்து. நான் நம் சலீம் பாயைக் கூப்பிட்டேன். நம் வீட்டுக் கதவு, ஜன்னல், உன் படிப்பு மேஜை எல்லாம் அவர் கைவேலைதான். பாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"அக்கா, நான் கட்டில் செஞ்சிருக்கேன், பீரோ செஞ்சிருக்கேன். ஆயுசுக்கும் இது மாதிரி ஒண்ண தொட்டதில்ல. வேல ஜாஸ்தி."

"முடியாதா பாய்?"

"முடியாதுனு எப்பக்கா சொன்னேன்? இந்த டவுன்ல படகு செஞ்ச ஆசாரி யாருன்னு கேட்டா, நாளைக்கு என் பேரத்தான சொல்லுவாங்க."

அவருக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் மனுஷன் உழைத்தார். இற்றுப்போன பலகைக்குப் பதிலாக, இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய தேக்குக் கதவைக் கொண்டுவந்து அறுத்துப் போட்டார். பூட்டு இருந்த ஓட்டையை மரத்துண்டு வைத்து அடைத்தார். நான் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினேன், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தேன். என் முட்டி வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் கொல்லைக்குத்தான் போவேன். நன்றாகக் காயட்டும் என்று கோடை வெயில் மொத்தத்தையும் அதன் மேல் விட்டோம். கலகலவென்று காய்ந்த பிறகு, பாய் ஒவ்வொரு சந்திலும் மரச் சக்கையைப் பசை தடவிச் சுத்தியலால் அறைந்து ஏற்றினார். ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. "கதவு கூட இவ்வளோ டைட்டா நான் பொருத்தினதில்லக்கா" என்றார். நானும் விரலால் தடவித் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனேன். எங்கள் முட்டாள்தனம் முழுவதும் அந்தப் பூரிப்பில்தான் இருந்தது, ஆனால் அது பின்னால் வருகிறது.

மார்கழியில் ஏரி நிரம்பிவிட்டது என்று மல்லிகா சொன்னதும் படகைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தோம். வளர்பிறையில் நல்ல நாள் என்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். அன்று மத்தியானமே பௌர்ணமி பிறக்கிறது என்பதை அவளும் கவனிக்கவில்லை, இந்த ஊரிலேயே குடியிருக்கிற நானும் கவனிக்கவில்லை. படகு பித்து தலைக்கேறினால் அப்படித்தான். காலையில் வருவதாகச் சொன்ன குட்டியானை வண்டி டிரைவர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தான். செங்கம் ரோட்டைத் தொட்டதும் பார்த்தால், கிரிவலக் கூட்டம் கடல் மாதிரி வருகிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வண்டி மேல் நீலமும் சிவப்பும் பூசிய படகு. அதன் மூக்கில் மல்லிகா மாட்டிய சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஆந்திரா அம்மா கற்பூரத்தையே ஏற்றிவிட்டாள். ஒருத்தர் கைக்குழந்தையை எட்டிப் படகுக்குள் படுக்க வைத்து எடுத்தார். படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர் சலீம் பாய், தலையில் குல்லாவோடு. அவரையும் கும்பிட்டார்கள். அவர் பதறிப்போய் எல்லோருக்கும் திருப்பிக் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தெப்பத்துக்கா? யாரு பர்மிஷன் குடுத்தது?" என்று அதட்டினார். மல்லிகாவுக்குத்தான் பொய் வராதே, "சார், இது மீன் புடிக்கிற படகு சார்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் கற்பூரத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மீனுனு மட்டும் வெளிய சொல்லிடாதம்மா. சாமி படகுனே இருக்கட்டும், போங்க" என்று அவரே வழி ஒதுக்கி, பக்கத்துத் தெரு வழியாக எங்களை வெளியே அனுப்பிவைத்தார். ஏரிக்கரை போய்ச் சேரும்வரை நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் படகை ஏரியில் இறக்கினதை நீ வீடியோ காலில் பார்த்தாய். மல்லிகா தேங்காய் உடைத்தாள், பாய் பிஸ்மில்லா சொல்லி முதல் காலை வைத்தார். நீச்சல் தெரியாத மனுஷன், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக்கா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே கரையோரம் ஒரு சுற்று வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீகூட "சூப்பர்மா" என்று கத்தினாய். திவ்யா கை தட்டினாள். வலை கட்டி முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிப்பதாகச் சொல்லி, படகைக் கரையில் கட்டிவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது படகு இருந்த இடத்தில் கயிறு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தால் படகு தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கப் பலகை ஆணியோடு பிய்த்துக்கொண்டு வெளியே துருத்தி நின்றது. யாரோ வேண்டுமென்றே உடைத்துவிட்டார்கள் என்று மல்லிகா திட்டித் தீர்த்தாள். பாய் கரையில் குந்திக்கொண்டார். நான் உனக்குப் போன் செய்து, "முழுகிடுச்சுடா" என்றேன். நீ என்னைக் கேலி செய்யவில்லை. "சரி விடும்மா. வந்துடு" என்று மட்டும்தான் சொன்னாய். உன் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. அதுதான் என்னை ரொம்ப அழவைத்தது. பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகப் பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு, பெட்டியில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பந்தயத்தில் தோற்றது தோற்றதுதான், வாக்கு மாறக் கூடாது என்றுதான் இருந்தேன். நிஜமாகவே வருவதாகத்தான் இருந்தேன் முரளி, அதை நீ நம்ப வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் சில்லறை வேலைகளை முடித்துவிடலாம் என்று பாயைக் கூப்பிட்டேன். மழைக்குப் பிறகு பாத்ரூம் கதவு சாத்தவே வரவில்லை. அவர் இழைப்புளியை எடுத்துக் கதவு ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, "வருஷா வருஷம் இதே ரோதனை பாய்" என்றேன்.

"நான் இன்னாக்கா பண்றது? கோடைல காய்ஞ்ச மரம், ஈரம் பட்டா உப்பும். இடம் இல்லேன்னா நிலையவே தள்ளிட்டு..."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "படகு!" என்றோம். ஊரில் இருக்கிற கதவையெல்லாம் மழைக்காலத்தில் சீவுகிற ஆசாரி, வெயிலில் வறுத்த பலகைகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் சக்கையை அறைந்து ஏற்றி, அதைக் கொண்டுபோய் ஏரியில் போட்டிருக்கிறார். நானும் பக்கத்தில் நின்று பூரித்திருக்கிறேன். பலகைகள் தண்ணீர் குடித்து உப்பியிருக்கின்றன. விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. படகை எவனும் உடைக்கவில்லை. நாங்களே இறுக்கிக் கொன்றிருக்கிறோம்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அடுத்தது பளிச்சென்று வந்துவிட்டது. உன் தாத்தாவின் மாட்டு வண்டிச் சக்கரம் கோடையில் காய்ந்து, இரும்புப் பட்டை லொடலொடவென்று ஆடும். அவர் என்ன செய்வார்? ஆப்பு அடிக்க மாட்டார், சக்கரத்தைக் கழற்றி ஏரித் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். மரம் உப்பித் தானே பட்டையைக் கவ்விக்கொள்ளும். நானும் மல்லிகாவும் அந்தச் சக்கரத்தின் மேல் ஏறி நின்றுதான் நீச்சல் குதிப்போம். அப்படி வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை பார். "பாய், சக்கை அத்தனையும் புடுங்குங்க. சந்து சந்தாவே விட்டு, மறுபடியும் தண்ணில போடுவோம்" என்றேன்.

"சந்து வுட்டா தண்ணி உள்ள வராதாக்கா?"

"வரட்டும். முழுகட்டும். முழுகடிக்கத்தான் போறோம்."

அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பது போலப் பார்த்தார். ஆனால் இழைப்புளியை அங்கேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். பாத்ரூம் கதவு இன்னும் பாதி சீவியபடிதான் நிற்கிறது. குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்தோம். பாய் சக்கையைப் பிடுங்கினார், துருத்திய பலகையைத் திரும்பவும் பொருத்தி ஆணி அடித்தார். பிறகு படகைத் தண்ணீரில் தள்ளி, உள்ளே கல்லைப் போட்டு மூழ்கடித்தோம். கரை மேல் ஆடு மேய்த்த ஆட்கள், டீக்கடையிலிருந்து வந்த ஆட்கள், எல்லோருக்கும் அன்றைக்கு நாங்கள்தான் வேடிக்கை. "ஓட்டப் படகுல கல்லு ஏத்தி முழுகடிக்கிறாங்கப்பா! போன தடவ அதுவா முழுகுச்சு, இந்தத் தடவ இவங்களே முழுகடிக்கிறாங்க!" என்று ஒருத்தன் கத்தினான். மல்லிகா விடுவாளா? "நாளைக்கு மீன் கேட்டு வருவ இல்ல, அப்ப பேசிக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு உள்ளே திக்திக்கென்றுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு காலமாயிற்று தெரியுமா, இப்படித் திக்திக்கென்று இருந்து? நெஞ்சு அடித்துக்கொள்வதை நோய் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவும் உயிரோடு இருப்பதுதான்.

ஒரு வாரம் போகட்டும் என்று பொறுத்தோம். அதற்குள் நீ வண்டிக்காரனிடம் பேசிவிட்டாய், எனக்கும் சொன்னாய், படகை ஊறப் போட்டிருப்பதை நான் உனக்குச் சொல்லவில்லை. கல்லை எடுத்து, வாளி வாளியாக இறைத்தபோது மல்லிகாதான் முதலில் கவனித்தாள். "யக்கா, இறைச்சது இறைச்ச மாதிரியே இருக்குதுக்கா, தண்ணி ஏறல" என்றாள். குனிந்து தடவிப் பார்த்தேன். விரல் நுழைந்த சந்தில் நகம் நுழையவில்லை. பழைய பலகையும் கதவுப் பலகையும் ஒன்றையொன்று தாமாகவே அணைத்துக்கொண்டு நின்றன. மிச்சம் கசிந்த இடங்களில் பாய் பஞ்சுத் திரியை முறுக்கி மெல்ல அழுத்தி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தடவினார். இந்தத் தடவை சுத்தியலைத் தூக்கினாலே நாங்கள் எல்லோரும் "மெதுவா பாய், மெதுவா" என்று கோரஸ் பாடினோம்.

அப்புறம்தான் நேற்று. இருட்டு பிரிகிற நேரம், ஏரி மேல் பனி நிற்கிறது, தூரத்தில் மலை மட்டும் தெரிகிறது. மல்லிகா முன்னால் உட்கார்ந்து வலையை எடுக்க, நான் பின்னால் துடுப்பு போட்டேன். முந்தின நாள் சாயந்திரம் விரித்த வலை. முதல் கை வலை வெறுமையாக வந்தது. இரண்டாவது கையும் வெறும் பாசி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது இழுவையில் வலை கனத்தது. ஜிலேபி, கெண்டை, அப்புறம் வெள்ளிக் குடம் மாதிரி ஒரு கட்லா துள்ளி என் மடியில் விழுந்தது. நான் கத்தின கத்தலில் ஏரிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எத்தனை ஆயிரம் மீனைக் கழுவி, அரிந்து, வறுத்திருப்பேன். உயிரோடு துள்ளுகிற மீனை என் கையால் பிடித்தது அதுதான் முதல் தடவை. மல்லிகா சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. கரையில் நின்ற பாய், குல்லாவைக் கழற்றி ஆட்டினார். அந்தக் கட்லா அவர் வீட்டுக்குப் போயிற்று.

சரி, இப்போது நம் விஷயம். பந்தயம் பொங்கலோடு முடிந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன். அதில் சால்ஜாப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நான் வரமாட்டேன் முரளி. உனக்குக் கொடுத்த வாக்கை இதுவரை நான் மீறினதில்லை, இதை மட்டும் மீறுகிறேன். எனக்காக வைத்த அறையைத் திவ்யாவுக்குக் கொடு. அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பதை நான் வீடியோ காலில் பார்த்திருக்கிறேன், அவளுக்கு ஒரு கதவு வேண்டும். உங்கள் இரண்டு பேருக்குமே சொல்கிறேன், ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப இறுக்காதீர்கள். கொஞ்சம் இடம் விட்டால் தானாகச் சேரும். அம்மா தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பாய். சிரி. படகு ஒன்றை உடைத்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன், சும்மா சொல்லவில்லை. விருந்தாளியாக வருவேன், கருவாடு போட்டு எடுத்து வருவேன், நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மிதவைச் சட்டை ஒன்று வாங்கி அனுப்பு, போட்டுக்கொள்கிறேன். மல்லிகாவுக்கும் சேர்த்து அனுப்பு. மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

உன் பயம் எனக்குத் தெரியும். தண்ணீரில் இருக்கும்போது மயக்கம் வந்தால் என்ன செய்வாள், எனக்கு யார் போன் செய்வார்கள், அந்தப் போன் எந்த நேரத்தில் வரும், இதுதானே? அந்தப் பயத்தை நான் உன்னைவிட நன்றாக அறிவேன். நீ முதல் முதலாக வேலைக்கென்று பெங்களூர் கிளம்பினாயே, அந்த வாரம்தான் அதே ரோட்டில் ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. உனக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. போகாதேடா, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சொல்வேன்? புளிசாதப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வாடா" என்றேன். நீ பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் செய்யும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் பயம் என்னோடு இருந்தது, நீ உன் பாட்டுக்குப் போனாய், ஆளானாய், திவ்யாவைக் கண்டுபிடித்தாய்.

அன்றைக்கு நீ சிரித்தாயே, நேற்று படகில் நான் அப்படித்தான் இருந்தேன். நாளை விடியற்காலையில் மறுபடியும் ஏரிக்குப் போகிறோம். கிளம்புவதற்கு முன் உனக்குப் போன் செய்வேன். எடுத்துவிடு. புத்தி சொல்லாதே, வண்டி பற்றிப் பேசாதே. உனக்குப் பயமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். போய்ட்டு வாம்மானு ஒரு தடவை சொல்லுடா.

அம்மா